கோதுமை மா சேராத சந்தியாகோ கேக்

அக்காவின் மகளுக்குச் சீலியாக் நோய் என்று வைத்தியர் சொன்ன நாளில் வீட்டில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் நிவாரணத்துக்குக் கிடைத்த கோதுமை மாவில் ரொட்டி சுட்டுத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். அதே மா ஒரு பிள்ளைக்கு ஆகாது என்றால் அம்மா எப்படி நம்புவார்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், இந்த நோயுள்ளவரின் நோயெதிர்ப்புத் தொகுதி சொந்தச் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை. அரிசியும் குரக்கனும் இருப்பதால் எங்கள் சாப்பாட்டில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் பிறந்தநாளில்தான் வரும்.

கோதுமைக்குப் பதில் வேறு மா போட்ட கேக்குகள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஸ்பெயினின் வடமேற்கில் உள்ள கலீசியாவின் 'தார்த்தா டி சந்தியாகோ' அப்படியல்ல. அதில் தொடக்கம் முதலே மா இல்லை. பாதாம், சீனி, முட்டை மட்டும்தான். சந்தியாகோ என்பது யாகப்பரின் ஸ்பானியப் பெயர். எங்கள் குருநகரில் கோவில் கொண்டிருக்கும் அதே யாகப்பர்தான். அவருடைய கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ டி கொம்பொஸ்தெலா நகருக்கு யாத்திரிகர்கள் இன்றும் நடந்தே போகிறார்கள். 2010 இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தக் கேக்குக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. அதன்படி எடையில் 33 சதவீதமாவது பாதாம் இருக்கவேண்டும்.

நான் எடுத்த அளவு: தோல் நீக்கிய பாதாம் 250 கிராம், சீனி 250 கிராம், முட்டை 5, ஒரு தேசிக்காயின் துருவிய தோல், கறுவாத் தூள் கால் தேக்கரண்டி. பாதாமை ஒரு பிடி சீனியுடன் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். தொடர்ந்து அரைத்தால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். முட்டையையும் மீதிச் சீனியையும் நுரைக்க அடித்து, மற்றவற்றை மெதுவாகக் கலந்து, 22 சென்ரிமீற்றர் தட்டில் ஊற்றி, 170 பாகை செல்சியஸில் 40 நிமிடமளவில் வேகவிடுங்கள். பேக்கிங் பவுடர் தேவையில்லை.

முதல் முறை நான் பிழைவிட்டது செய்முறையில் அல்ல. பழக்கதோஷத்தில் தட்டுக்கு வெண்ணெய் பூசி, மேலே கோதுமை மாவைத் தூவிவிட்டேன். அந்தக் கேக்கைப் பிள்ளைக்குக் கொடுக்கவே இல்லை. மா அரித்த அரிதட்டு, எல்லா மாவும் அரைக்கும் ஆலை இரண்டும் இதே ஆபத்துத்தான். ஆகவே பாதாமை வீட்டிலேயே அரையுங்கள். தட்டில் எண்ணெய்த்தாளை விரியுங்கள். ஐசிங் சீனிப் பொதியில் என்ன மாப்பொருள் சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

பழச்சாறு சேர்ப்பது கலீசிய வழக்கம் அல்ல, என் விருப்பம். மூன்று தோடம்பழச் சாற்றை இரண்டு மேசைக்கரண்டி சீனியுடன் பாதியாக வற்றும்வரை காய்ச்சி ஆறவிட்டேன். பாதாமின் திகட்டலை அந்தப் புளிப்பு அடக்குகிறது.

கேக்கின் நடுவில் சிலுவை வடிவில் வெட்டிய தாளை வைத்து ஐசிங் சீனி தூவுவார்கள். தாளை எடுத்தால் சிலுவை தெரியும். அதன் அடி வாள்போல் கூராக முடியும். யாகப்பரின் பெயரால் 12 ஆம் நூற்றாண்டில் உருவான போர்வீரர் சபையின் சின்னம் அது. படத்தைப் பார்த்த பிள்ளை, "சித்தி, வாள் வேண்டாம், வண்ணத்துப்பூச்சி வெட்டித் தாங்கோ" என்றாள். வெட்டிக் கொடுத்தேன். ஒரு சிறகு கொஞ்சம் சிறிதாகிவிட்டது.