குழந்தையும் சென்மப் பாவமும்

குழந்தை நல்லியல்போடு பிறக்கின்றதா, தீயியல்போடு பிறக்கின்றதா என்பது சமயவாதிகளுக்கு மட்டும் உரிய வினாவன்று. பிரம்பைக் கையிலெடுக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அதற்கு ஒரு விடை கூறிவிடுகின்றார். ஆதலின், கிறித்துவ உலகம் இவ்வினாவை எவ்வாறு ஆராய்ந்தது என்பதும், ஜெராம் போன்ற தோட்டப்புறத்துத் தமிழாசிரியர்க்கு அதனால் விளங்குவது யாது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கன.

கிறித்துவத்தில் இதுபற்றி என்றும் ஒரே கருத்து நிலவியதில்லை. ஆதாமின் குற்றம் மாந்தர் அனைவரையும் பற்றியது. பச்சிளங் குழந்தையும் அதற்கு விலக்கன்று என வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் (354–430) வலியுறுத்தினார். பாலுண்ணும் குழந்தையிடமும் பொறாமையைக் கண்டதாக அவர் எழுதியுள்ளார். பெலாகியுஸ் வழியினரோ, குழந்தை குற்றமற்றே பிறக்கின்றது என்றனர். 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் அவர்தம் கொள்கையைக் கண்டித்தது. கீழைத் திருச்சபைகள், ஆதாமால் வந்த சாவும் நலிவும் வழிவழித் தொடருமேயன்றிக் குற்றப் பொறுப்புத் தொடராது எனப் பொதுவாகக் கொண்டன.

தமிழில் இக்கோட்பாடு 'சென்மப் பாவம்' எனப் பெயர் பெற்றது. இதனை முற்பிறப்பு வினையென மயங்குவாரும் உளர். வினை அவரவர் செய்தது. சென்மப் பாவமோ முதல் தந்தைவழி வந்தது. சைவ சித்தாந்தம் கூறும் ஆணவ மலம் இதற்குச் சற்று நெருங்கியது. செம்பிற் களிம்புபோல் அஃது உயிரோடு அனாதியாய் உள்ளது. ஆயினும் எவர் குற்றத்தாலும் வந்ததன்று.

இவ்விரு சிந்தனை மரபுகளும் தரங்கம்பாடியில் எதிர்ப்பட்டன. 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரச் சமய இயக்கத்தைச் சார்ந்தவர். அதன் தலைவர் பிராங்கே, குழந்தையின் தன்விருப்பத்தை முறித்தாலன்றி இறைப்பற்று வேரூன்றாது எனக் கற்பித்தவர். அவ்வழி வந்த சீகன்பால்கு பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நிறுவினார், தமிழையும் கற்றார். 1708-இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். மனித இயல்பு கெட்டதெனக் கற்று வந்தவர், கிறித்துவம் அறியாதார் தம் பிள்ளைகளுக்குப் புகட்டிய அறத்தை ஐரோப்பியர் அறியத்தக்கதெனக் கண்டார். தம் கொள்கையை அவர் கைவிடவில்லை. எனினும், தமிழரிடம் அறவுணர்வு உண்டென்பதை மறைக்கவுமில்லை.

அதே கொன்றைவேந்தன், தொழிலாளரோடு கடல் கடந்து மலாயாவின் தோட்டப் பள்ளிகளிலும் ஒலித்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஆனால், சட்டம் பள்ளியைத் தந்ததேயன்றி, பால்மரம் வெட்டுவோர் பிள்ளை பால்மரமே வெட்டும் என்ற எண்ணத்தை மாற்றவில்லை. இதுவும் ஒருவகைச் சென்மப் பாவமே. சமயம் சாராத பாவம். அகுஸ்தீன் கூறிய பாவமாவது அரசனுக்கும் ஆண்டிக்கும் பொது. தோட்டத்துப் பிள்ளைமேல் ஏற்றப்பட்ட இழிவோ, ஏழைக்கு மட்டும் உரியதாயிற்று. திருமுழுக்கால் நீங்கும் என்னும் நம்பிக்கை முன்னதற்கு உண்டு. பின்னதற்கு அத்தகைய கழுவாய் எதனையும் எவரும் வகுக்கவில்லை.

ஜெராம் வட்டாரத்தில் பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனை வந்துவிட்டது. 'இந்தப் பிள்ளை தேறாது' என்னும் சொல் மட்டும் இன்னும் முற்றாக மறையவில்லை. அச்சொல்லைக் கூற அகுஸ்தீனும் இடந்தரார், சித்தாந்தமும் இடந்தராது. குறையோடு பிறந்ததெனக் கூறிய சமயங்களும் மீட்சி உண்டென்றே முடித்தன. களிம்பு ஏறினும் செம்பு செம்பே; துலக்குவது ஆசிரியர் கடன்.