ஜெப்பே: யாக்கோபின் ஒரு கிளை

ஜோகன்னஸ்பர்க் நகரின் கிழக்கே ஜெப்ஸ்டவுன் என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. ஊர்க்காரர்கள் 'ஜெப்பி' என்று சுருக்கிச் சொல்வார்கள். ஜெர்மானியர் வாயில் அதே எழுத்துகள் 'யெப்பே' என்று ஒலிக்கும். இந்த யகரத்தைப் பிடித்துக்கொண்டு போனால் பெயரின் வேர் தெரிந்துவிடும்.

டென்மார்க்கில் யாக்கோபு என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் யெப்பே. 1722இல் நாடகாசிரியர் ஹோல்பெர்க் எழுதிய புகழ்பெற்ற நகைச்சுவை நாடகத்தின் குடியானவனுக்கும் இதே பெயர்தான். எபிரேய மூலத்தைக் குதிகாலோடு இணைத்துப் பேசுகிறது விவிலியக் கதை. அண்ணனின் குதிகாலைப் பற்றிக்கொண்டு பிறந்தவன் யாக்கோபு. அதே பெயர் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆனது. ஐபீரிய நாடுகளில் யாகோ ஆகி, முன்னால் புனிதர் பட்டம் ஒட்டிக்கொள்ள, சந்தியாகு என்று நம் கடற்கரைக் கிறித்தவர்களிடம் வந்து சேர்ந்தது. தூத்துக்குடிப் பக்கத்துச் சந்தியாகுவும் ஜெப்ஸ்டவுனின் ஜெப்பேயும் பெயரளவில் பங்காளிகள்!

பால்டிக் கரையிலுள்ள ரோஸ்டாக் துறைமுகத்தில் 1834இல் பிறந்தவர், இந்தப் பெயரைக் குடும்பப் பெயராகத் தாங்கிய ஃபிரீட்ரிக் ஜெப்பே. அவர் 1860களின் தொடக்கத்தில் டிரான்ஸ்வாலுக்குக் குடியேறினார். அப்போது அது டச்சு வழிக் குடியேறிகளான போயர்களின் தென்னாப்பிரிக்கக் குடியரசு. அங்கே அவர் அஞ்சல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். குடியரசின் முதல் அஞ்சல்தலைகளை அச்சிட்டவர், க்யூஸ்ட்ரோவைச் சேர்ந்த அடால்ஃப் ஓட்டோ. க்யூஸ்ட்ரோ, ரோஸ்டாக்கைப் போலவே மெக்லென்பர்க் பகுதியைச் சேர்ந்த சிற்றூர். ஆப்பிரிக்க அரசு ஒன்று இவ்வளவு தொலைவில் இருந்த அந்த ஊரைக் கண்டுபிடித்தது ஜெப்பே வழியாகத்தான் இருக்கவேண்டும் என்றே எனக்குப் படுகிறது. பிறகு அச்சுத்தகடுகள் பிரிட்டோரியாவுக்கே வந்துவிட்டன. 1870இல் அங்கேயே அஞ்சல்தலைகள் அச்சாயின.

அஞ்சல் பணியோடு ஜெப்பே வரைபடங்களும் தயாரித்தார். அஞ்சல்காரர் ஏன் வரைபடம் வரையவேண்டும்? எந்தப் பண்ணை எந்த ஆற்றுக்கு அப்பால், எந்தத் துறையில் வண்டி இறங்கிக் கடக்கும், அடுத்த ஊருக்கு எத்தனை நாள் என்று தெரியாதவரால் ஒரு கடிதத்தைக்கூட ஒழுங்காக அனுப்ப முடியாது. அந்த அறிவு ஜெப்பேயிடம் திரண்டது. மெரென்ஸ்கி என்ற பெர்லின் மிஷனரியோடு சேர்ந்து அவர் தயாரித்த டிரான்ஸ்வால் வரைபடம் 1868இல் ஜெர்மனியின் கோத்தா நகரில் வெளியானது. அஞ்சல்துறையும் வரைபடமும் ஒரே காரியத்தைக் கேட்கின்றன: ஓர் இடத்துக்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரே எழுத்து வடிவம். வாய்க்கு வாய் மாறிய பெயர்கள் இப்படித்தான் தாளில் உறைந்தன. போயர்கள் வைத்த பண்ணைப் பெயர்களுக்கு அதனால் ஆயுள் நீண்டது. அவர்களுக்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள் வழங்கிய பெயர்கள் பல பின்னுக்குப் போயின. அவருடைய உழைப்பை எவ்வளவு மதித்தாலும் இந்த இழப்பை மறந்துவிட்டு அந்த வரைபடங்களைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவர் 1898இல் இறந்தார். அவருடைய பெரிய டிரான்ஸ்வால் வரைபடம் அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டில் போயர்களுக்கும் பிரிட்டனுக்கும் மூண்ட போரில் பிரிட்டிஷ் படையும் அதைப் பயன்படுத்தியது. போயர் குடியரசுக்கு உழைத்தவரின் தாள், அதன் எதிரிக்கு வழிகாட்டிற்று.

ஜெப்ஸ்டவுனுக்குப் பெயர் தந்தவர் இவரல்ல. அதே குடும்பத்தைச் சேர்ந்த யூலியஸ் ஜெப்பே. 1886இல் தங்கம் கிடைத்ததும் டோர்ன்ஃபொண்டைன் பண்ணை நிலத்தில் மனை பிரித்தவர்களில் அவரும் ஒருவர். டோர்ன்ஃபொண்டைன் என்றால் முள் ஊற்று. முள்ளும் ஊற்றும் இருந்த இடத்தை யாக்கோபின் பெயர் பிடித்துக்கொண்டது.

நகர மையத்திலும் ஜெப்பே தெரு என்று ஒன்று இருந்தது. 2014இல் அதற்கு ரஹிமா மூசா தெரு என்று பெயர் மாற்றினார்கள். கறுப்பினத்தவர் எங்கு போனாலும் அனுமதிச்சீட்டு வைத்திருக்கவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1956இல் பிரிட்டோரியா அரசு மாளிகைக்குப் பெண்களைத் திரட்டிச் சென்ற நால்வரில் ஒருவர் ரஹிமா மூசா, இந்திய வம்சாவளிப் பெண். ஜெப்ஸ்டவுன் பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை.