பல் சீலன்ட்

பல் சீலன்ட் என்பது கடைவாய்ப் பற்களின் மெல்லும் பரப்பிலுள்ள வரிப்பள்ளங்களை மூடிச் சொத்தையைத் தடுக்கும் மெல்லிய பிசின் பூச்சு. சொத்தை விழுந்தபின் குடைந்து அடைக்கும் ஃபில்லிங் வேறு, இது வேறு. இதற்குப் பொதுவாகப் பல்லைக் குடைய வேண்டியதில்லை. மரத்துப்போக ஊசியும் வேண்டாம்.

கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பு, கொத்திய அம்மியைப் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தப் பள்ளங்களில் பல, பிரஷ்ஷின் ஓர் இழை நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. எவ்வளவு அக்கறையாகத் தேய்த்தாலும் அவற்றின் அடி சுத்தமாகாது. அங்கே தங்கும் சர்க்கரையை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலிய பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன. பிஎச் மதிப்பு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலின் கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். ஃபுளோரைடு பற்பசை பல்லின் வழவழப்பான பக்கங்களைக் காக்கும் அளவுக்கு இந்த இடுக்குகளைக் காப்பதில்லை.

முதல் நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் 6 வயதையொட்டியும், இரண்டாவது வரிசை 12 வயதையொட்டியும் முளைக்கின்றன. முதலாவதைப் பெற்றோர் கவனிக்கத் தவறுவது வழக்கம். காரணம், எந்தப் பல்லும் விழாமல், பால்பற்களுக்குப் பின்னால் அது தானாக முளைக்கிறது. அதில் கறுப்பு தெரிந்தாலும், ‘பால்பல்தானே, விழுந்து முளைக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்கும் பல் அல்ல. புதிதாக முளைத்த பல்லின் எனாமல் முழுதாக இறுகியிராததால், முதல் சில ஆண்டுகளில்தான் சொத்தைக்கு எளிதில் இடம்கொடுக்கும். மெல்லும் பரப்பு ஈறைவிட்டு முழுதாக வெளிவந்ததுமே சீலன்ட் இடுவது நல்லது.

பள்ளங்களை முன்கூட்டியே அடைக்கும் எண்ணம் பழையது. 1923இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹயட், சொத்தை வருவதற்கு முன்பே பள்ளத்தைக் குடைந்து அடைத்துவிடலாம் என்றார். நல்ல பல்லைக் காக்க நல்ல பல்லையே குடையும் முறை அது. ஈரமான வாய்க்குள் எதையும் எனாமலில் ஒட்டவைக்க முடியாததே அன்றைய சிக்கல். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் பணியாற்றிய மைக்கேல் புவோனொகோர் இதை 1955இல் தீர்த்தார். பெயின்ட் நன்றாகப் பிடிக்க உலோகத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்தும் தொழிற்சாலை வழக்கத்தை அவர் எனாமலில் சோதித்துப் பார்த்தார், பிசின் பிடித்துக்கொண்டது. 1967இல் ஆய்வாளர் குவேட்டோவும் அவரும் பள்ளங்களை அடைத்துப் பார்த்த ஆய்வை வெளியிட்டனர். ரஃபேல் போவன் உருவாக்கிய பிஸ்-ஜிஎம்ஏ பிசின், பின்னாளைய சீலன்ட்களுக்கு அடிப்படையானது.

இன்று, பல்லைச் சுத்தம் செய்து, ஏறத்தாழ 35 முதல் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி தடவிக் கழுவி உலர்த்துகிறார்கள். எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். அமிலம் அதில் உண்டாக்கிய, கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் பிசின் இறங்க, நீல ஒளி அதை இறுகச் செய்கிறது. வேலை சில நிமிடம்தான். ஆனால் சீலன்டின் ஆயுள் உலர்த்துவதில் இருக்கிறது. அமிலம் கழுவியபின் எச்சில் பட்டுவிட்டால் துளைகள் அடைபடும், மறுபடி அமிலம் தடவியாக வேண்டும். அடங்கி உட்காராத குழந்தைக்கும் பாதி முளைத்த பல்லுக்கும் பிசினுக்குப் பதிலாகக் கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட் உதவும். அது சிறிது ஈரத்தைத் தாங்கும், ஃபுளோரைடும் வெளிவிடும். ஆனால் சீக்கிரம் பெயர்ந்துவிடும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, சீலன்ட்கள் கடைவாய்ப் பற்களின் சொத்தையை 2 ஆண்டுகளுக்கு 80 சதவீதமும், 4 ஆண்டுகள் வரை 50 சதவீதமும் தடுக்கின்றன. ஓரம் பெயர்ந்தால் அடியில் உணவு தங்கும் என்பதால் அவ்வப்போது பரிசோதித்துச் சரிசெய்ய வேண்டும். பற்களின் இடைவெளிக்கு இது காவல் அல்ல.

சொத்தையை உள்ளே வைத்து மூடிவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. குழி விழாத ஆரம்பச் சொத்தையின்மேல் சீலன்ட் இட்டால், சர்க்கரை கிடைக்காமல் பாக்டீரியாக்கள் ஒடுங்குகின்றன. அத்தகைய பற்களுக்கும் 2016இன் அமெரிக்கப் பல் மருத்துவ வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைக்கிறது. பூசியவுடன் பிசினிலிருந்து கசியும் பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருள் எச்சிலில் மிகச் சிறிதளவு தென்படலாம். மேற்படலத்தைத் துடைத்து வாய் கொப்பளித்தால் அது குறையும்.

அமெரிக்காவில் வருமானம் குறைந்த வீட்டுக் குழந்தைகளுக்கே சொத்தை அதிகம், சீலன்ட் கிடைப்பது குறைவு. இந்த அநீதியைக் குறைக்கத்தான் அங்கே பள்ளிகளுக்கே சென்று சீலன்ட் இடும் திட்டங்கள் நடக்கின்றன. உலக அளவிலும் இதில் கவனம் உண்டு: சீலன்டாகவும் உதவும் கிளாஸ் அயனோமரை உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.