கிழக்குக் கரையிற் பிறந்த துள்ளிசை

ஈழத்துத் தமிழிசையின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலிருந்தே அதனைத் தொடங்குவர். நாதசுரமும் தவிலும் தழைத்தோங்கிய மண் அது. ஆதலின் அவ்வாறு தொடங்குவதிற் குற்றமில்லை. ஆயினும், 1960களின் பிற்பகுதியில் இந்நாட்டுத் தமிழ் இளைஞரைச் சட்டெனப் பற்றிக்கொண்ட ஓர் இசைக்கு அவ்வீதிகளில் வேர் தேடினால் அகப்படாது. பொப் இசை என்றும் துள்ளிசை என்றும் இரு பெயர் பூண்ட அவ்விசையின் முதற் பாடல்களுள் ஒன்று, சங்கீத சபைகளுக்குப் பெயர் பெறாத அம்பாறை நகரில், தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் ஒருவரின் கிற்றாரோடு பிறந்தது. அது அங்கே பிறந்தமைக்குக் காரணம் யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

அம்பாறைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய நெடுஞ்சாலையில், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. அவற்றுக்குத் தெற்கே தம்பிலுவிலும் திருக்கோவிலும் உள்ளன. தம்பிலுவிற் கண்ணகையம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு வந்தால் உடுக்கொலியோடு கண்ணகி வழக்குரை ஒலிக்கும். அயலூர்களிலே வடமோடியும் தென்மோடியும் வசந்தனும் ஆடப்பட்டன. முஸ்லிம் ஊர்களிலோ றபானும் களிகம்பும் உண்டு. வயற்காவற் பரணிலும் வண்டிப் பாதையிலும் பாடப்பட்ட கவிகளும் உண்டு. மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் விளித்துப் பாடும் அக்கவிகளில் மாமி என்பவள் எப்போதும் கதவோரத்திலே நிற்பாள்! இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நன்று, பின்னர்ப் பயன்படும்.

இக்கரைக்கு வேறொரு சொத்தும் வாய்த்திருந்தது. போத்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டியது 1628இல். பத்தாண்டு கழிந்து, 1638இல், அதனை ஒல்லாந்தர் கைப்பற்றிக்கொண்டனர். ஆட்சி போயிற்று, ஆனால் பேச்சும் பாட்டும் போகவில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழ்ந்த போத்துக்கேயப் பறங்கியர், தச்சுவேலையும் கொல்வேலையும் செய்து பிழைத்துக்கொண்டே, தம் முன்னோரின் மொழியைத் திரிந்த வடிவில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காப்பாற்றி வந்தனர். அவர்தம் திருமண வீடுகளில் பிடிலும் கிற்றாரும் தோற்பறையும் முழங்க ஆடப்பட்ட ஆட்டம் ‘கப்ரிஞ்ஞா’ எனப்பட்டது. ஆபிரிக்கரைக் குறித்த ‘காப்பிரி’ என்னும் சொல் அதனுள் ஒளிந்திருக்கிறது. போத்துக்கேயரோடு வந்த ஆபிரிக்கரின் தாளமும் ஐரோப்பியரின் நரம்பிசையும் இந்நாட்டிலே கலந்து பிறந்த குழந்தை அது.

அதன் தாளத்தைச் சற்று விளக்குதல் வேண்டும். ஆறு எண்ணிக்கை கொண்ட ஓர் அளவு. அதனை ஒருகால் மும்மூன்றாக இரண்டாகவும், ஒருகால் இவ்விரண்டாக மூன்றாகவும் காது கேட்கிறது. இவ்விரு கணக்குகளும் ஒன்றையொன்று இடறிக்கொண்டு ஓடுவதாலேயே கேட்போரின் கால் தானாக எழுகிறது. தமிழருக்கு இது முற்றும் அந்நியமன்று. கும்மியின் திசிர நடையும் மும்மையே. ஆகவே தமிழ்ச் சொல்லை அத்தாளத்தில் ஏற்றுவதற்கு இசையிலக்கணம் தடையாக இருக்கவில்லை. நெடுங்காலம் எவரும் ஏற்றத் துணியவில்லை, அவ்வளவே.

துணிந்தவர் முதலில் சிங்களவரே. ‘ஆடுதல்’ எனப் பொருள்படும் போத்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த ‘பைலா’, மேற்குக் கரையோரத்திற் சிங்களப் பாட்டாகப் பரந்தது. பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை மேடைக்கேற்ற பல்லவிப் பாட்டாகச் செப்பஞ்செய்தார். அவரையே பைலாவின் தந்தை என்பர். அக்காலத்தில் மேல்நாட்டிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 1956இல் ஹரி பெலபொன்ரேயின் கலிப்சோ இசைத்தட்டு உலகெங்கும் விலைபோயிற்று. அதே ஆண்டளவில், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிற் பாடசாலைச் சிறுவர் சிலர் தேயிலைப் பெட்டியில் ஒரு கயிற்றைக் கட்டித் தடித்த சுருதி எழுப்பி, துணி தேய்க்கும் தகரத்தைத் தாளமாக்கி, மலிவான கிற்றார்களோடு ஒரு குழு அமைத்தனர். அக்குழுவே வளர்ந்து பீட்டில்ஸ் ஆயிற்று. குருகுலவாசமும் அரங்கேற்றமும் இன்றி, நாலு நண்பர் கூடினால் ஓர் இசைக்குழு ஆகலாம் என்னும் எண்ணம் இவ்வாறு கடல் கடந்து பரவியது. இலங்கையிலும் ‘லொஸ் கபலெரோஸ்’, ‘லா சிலோனியன்ஸ்’ என ஸ்பானியச் சாயலிற் பெயர் சூட்டிக்கொண்ட கிற்றார்க் குழுக்கள் எழுந்தன. பெயர் ஸ்பானியம், பாட்டுச் சிங்களம், தாளம் ஆபிரிக்கம். எவரும் அதைக் குறையாகக் கருதவில்லை.

1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனஸ்லி மாலெவனவும் ‘மூன்ஸ்டோன்ஸ்’ என்னும் குழுவைத் தொடங்கினர். சிங்களப் பாட்டில் மின்கிற்றாரை நிலைநிறுத்திய பெருமை விஜேவர்த்தனவையே சாரும். வானொலி அறிவிப்பாளர் விஜய கொரயா அவர்களை ஊக்கினார்; ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரிய’ இசைத்தட்டுகள் இத்தகைய பாட்டை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றன. ஆக, சிங்கள இளைஞனுக்குக் குழுவும் இருந்தது, வானொலியும் இருந்தது, இசைத்தட்டு முதலாளியும் இருந்தார். தமிழ் இளைஞனுக்கு இருந்தது சென்னைத் திரைப்பாட்டு. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950இல் தொடங்கிய நாள்முதல், அத்திரைப்பாட்டு இங்குள்ள தமிழ் வீடுகளில் மட்டுமன்றிக் கடலுக்கு அப்பால் தமிழகத்து வீடுகளிலும் மணியாக ஒலித்தது. அதன் இனிமை பெரிது. ஆனால் அதிற் பேசிய காதலன் உரும்பிராயானும் அல்லன், கல்முனையானும் அல்லன்.

இந்நிலையில் அம்பாறையைக் காண்போம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் காடு வயலாயிற்று; சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது; இங்கினியாகலையில் நீர்மின் நிலையம் அமைந்தது. குடியேறியோருட் பெரும்பாலோர் சிங்களவர். 1956 ஜூன் மாதத்தில், சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்னும் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, இக்குடியேற்றப் பகுதியில் மூண்ட கலவரத்தில் தமிழர் பலர் மாண்டனர். 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிந்து அம்பாறை மாவட்டமாயிற்று. இப்படியாக, மொழியின் பேராற் குருதி சிந்திய ஓர் இடத்திலேதான் ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரி அமைந்திருந்தது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர் அங்கு வந்து பயின்றனர். ஒருவன் வாசிக்க மற்றவன் கேட்பதற்கு மொழி ஒரு நிபந்தனையாக இராத இடம் மாணவர் கூட்டமே.

அங்கே பயின்றவர்தாம் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, கிற்றாரோடு தாமே பாடிய அவரது ‘சின்ன மாமியே’ என்னும் பாட்டு 1960களின் பிற்பகுதியிற் பிறந்தது. அப்பாட்டின் பொருள் எளிது. இளைஞன் ஒருவன் மாமியை விளித்து அவளுடைய சின்ன மகள் எங்கே என வினவுகிறான். மாமி விடை சொல்கிறாள். கிழக்குக் கரையின் கவிகளிற் கதவோரத்தில் நின்ற அதே மாமி! யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கும் பைலாவின் துள்ளலும் மும்மை நடையில் இயல்பாகக் கைகோத்துக்கொண்டன. திரைப்பாட்டின் செந்தமிழ் வருணனை எதுவும் அதில் இல்லை. நிலவு இல்லை, மான் இல்லை, தேன் இல்லை. அடுத்த வீட்டு வாசலில் நடக்கும் பேச்சே பாட்டாயிற்று. இதனை எளிதென எண்ணுவோர் ஒருமுறை முயன்று பார்ப்பாராக.

அவரது ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ இன்னுமொரு விந்தை. குடியொழிப்பைப் பற்றிய அறிவுரைப் பாட்டுகள் தமிழில் ஏராளம்; பெரும்பாலானவை கேட்டோரைத் தூங்கவைத்தவை. இதுவோ குடித்தவனும் எழுந்து ஆடத்தக்க தாளத்தில் அமைந்தது. அறிவுரை காதில் ஏறியதோ இல்லையோ, பாட்டு ஏறிற்று.

அதே காலத்தை ஒட்டித் திருகோணமலையிலும் ஒரு குழு தோன்றிற்று. பரமேஷ், கோணேஷ் என்னும் உடன்பிறந்தார் கிற்றாரை முதன்மை வாத்தியமாகக் கொண்டு பாடத் தொடங்கினர். நித்தியின் பாட்டு வாசற்படிப் பேச்சென்றால், இவர்களது பாட்டு இரவுக் கடற்கரையின் முணுமுணுப்பு எனலாம். ‘உனக்குத் தெரியுமா’ என்னும் அவர்களது பாட்டு, ஈழத்தில் எழுந்த தமிழ்ப் பொப் இசைத்தட்டுகளின் முன்னணியில் வைத்து எண்ணப்படுகிறது. அதிற் பைலாவின் துள்ளல் குறைவு. மின்கிற்றாரின் நீண்ட இழைவு மிகுதி. திருகோணமலையும் போத்துக்கேயப் பறங்கியர் வாழ்ந்த துறைமுகம், பல நாட்டுக் கப்பல்கள் வந்துபோன இடம் என்பதை எண்ணினால், கிழக்கிலேயே இருமுறை இவ்விசை முளைத்தது தற்செயல் எனத் தோன்றாது.

இதே 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றினார் என்பதும் இங்கு நினைக்கத் தக்கது. 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ என அக்கூத்துகள் கற்றோரின் மதிப்பைப் பெற்றன. கிழக்கின் பழைய செல்வத்துக்குக் கிடைத்த அம்மதிப்பில் நூற்றில் ஒரு பங்கும் கிழக்கின் புதிய குழந்தைக்குக் கிடைக்கவில்லை. கிற்றார் பிடித்தவன் படிப்பைக் கெடுத்துக்கொண்டவன். துள்ளிசை தூய இசைக்குத் துரோகம். பைலா பறங்கியர் பாட்டு. கண்டனங்கள் இவ்வகையின. இக்கண்டனத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. பின்வந்தோருட் பலர் ஒரே மெட்டையே சொல் மாற்றிப் பாடி அலுப்பூட்டினர். ஆனால் போலிகள் மலிந்தமையால் மூலம் பழுதாகிவிடாது. கூத்தும் துள்ளிசையும் ஊராரின் பேச்சிலிருந்தே உயிர் பெற்றவை என்பதை அன்றைய விமரிசகர் காணத் தவறினர்.

1967இல் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய வானொலி, உள்நாட்டு மெல்லிசைக்கு வாய்ப்பளிக்கத் தொடங்கியமை இவ்விசைக்கும் ஒரு வாசலைத் திறந்தது. 1970இன் பின் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. உள்நாட்டுப் பாட்டுக்குக் கேட்போர் பெருகியது இக்கட்டுப்பாட்டுக் காலத்தில்தான். கிற்றார் நரம்புக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதும் அக்காலத்தில்தான்! நித்தி கனகரத்தினம், பரமேஷ் கோணேஷ் சகோதரர், ஏ. ஈ. மனோகரன், ஸ்டான்லி சிவானந்தன் முதலியோர் ஊரூராக மேடையேறினர். திருமண வீடும் கோயில் திருவிழாவும் பாடசாலைக் களியாட்ட விழாவுமே அவர்களது அரங்குகள். பாட்டினால் மட்டும் பிழைத்தவர் அரியர். சிங்களக் குழுக்களுக்கு வாய்த்ததுபோல் ஓர் இசைத்தட்டுத் தொழில் தமிழுக்கு வாய்க்காமற் போனதே இதற்குத் தலையாய காரணம். பாட்டுக்குக் கைதட்டல் கிடைத்தது. பாடியவன் மறுநாட் காலையில் உத்தியோகத்துக்குப் போனான்.

மனோகரன் கடல் கடந்தார். அவர் புகழ் பரப்பிய ‘சுராங்கனி’, சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் வரும் பாட்டு. 1977இல் வெளியான ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் அது இடம்பெற்றபோது, சென்னைத் திரைப்பாட்டைக் கேட்டு வளர்ந்த இலங்கையின் பாட்டைச் சென்னை கேட்டது. மீன் கொண்டுவந்து தருவதாகச் சொல்லும் சிங்களச் சொற்களைப் பொருள் தெரியாமலே தமிழகத்துச் சிறுவர் பாடித் திரிந்தனர். ‘சிலோன் மனோகர்’ என அறியப்பட்ட அவர், திரைப்படங்களிலும் நடித்து, 2018 ஜனவரியிற் சென்னையிலே காலமானார்.

1983 ஜூலை வன்செயலின் பின்னர் நாடு போரில் மூழ்கிற்று. இரவிற் பயணஞ் செய்து ஊரூராகப் பாடும் குழுவுக்கு ஊரடங்குச் சட்டமும் சோதனைச் சாவடியும் எமனாயின. நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியமர்ந்தார். பரமேஷும் கோணேஷும் ஐரோப்பாவுக்குச் சென்றனர். அவர்களது பாட்டுகள் ஒலிநாடாவிற் படியெடுக்கப்பட்டு, படிக்குப் படி இரைச்சல் கூடி, புலம்பெயர்ந்தோரின் பெட்டிகளிற் கிடந்தன.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது கல்முனை முதல் தம்பிலுவில், திருக்கோவில் வரையுள்ள கரை சிதைந்தது. மட்டக்களப்பின் டச்பார் என்னும் கடலோரக் குடியிருப்பில் வாழ்ந்த போத்துக்கேயப் பறங்கியருட் பலர் அன்று உயிரிழந்தனர். எஞ்சியோரின் திருமண வீடுகளில் கப்ரிஞ்ஞா பின்னரும் ஆடப்பட்டது. அதே ஆறு எண்ணிக்கை, அதே இடறல், பிடிலோடும் கிற்றாரோடும்.