தவறு பாரா நட்டஈடு: மலையகத் தேயிலைத் தோட்டங்கள்

விபத்தில் காயப்பட்டவரிடம் "யார் செய்த தவறு?" என்று கேட்காமல், வைத்தியச் செலவையும் இழந்த சம்பளத்தையும் கொடுக்கும் ஏற்பாடு தவறு பாரா நட்டஈடு எனப்படும். வட அமெரிக்காவின் சில பகுதிகளில் கார்க் காப்புறுதியே இந்த அடிப்படையில் இயங்குகிறது. இலங்கையில் வாகனங்களுக்கு அப்படியொரு சட்டம் வரவில்லை. ஆனால் நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பகுதித் தோட்டங்களில் வேலையில் ஏற்படும் காயங்களுக்கு இதே கொள்கை 1935 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே ஒரே தொழிலாளிக்கு இரண்டு சட்டங்கள். மலையில் விழுந்தால் ஒன்று, ரோட்டில் அடிபட்டால் இன்னொன்று.

இந்தக் கொள்கை ஏன் தேவைப்பட்டது என்பதற்குத் தோட்டத்திலேயே நல்ல விளக்கம் உண்டு: குளவி. கொழுந்து எடுக்கும் பெண்ணின் கை தேயிலைச் செடிக்குள் போகிறது, உள்ளே கூடு. அல்லது மேலே நிற்கும் மரத்தில் கூடு, காற்றில் கலைகிறது. கொங்காணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடும்போது சரிவில் விழுந்து கால் முறிந்தவர்களும் உண்டு, கொட்டுப்பட்டு இறந்தவர்களும் உண்டு. இதில் தவறு யாருடையது? கங்காணி வேண்டுமென்று அந்த நிரைக்கு அனுப்பவில்லை. துரை கூட்டைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணும் கவனக்குறைவாக இருக்கவில்லை. தவறைத் தேடிப் போகும் சட்டம் இந்த இடத்தில் வெறுங்கையோடுதான் திரும்பும். வேலையில் இருந்தபோது, வேலையின் காரணமாக நேர்ந்ததா என்று மட்டும் கேட்கும் சட்டத்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு எதையாவது கொடுக்க முடியும்.

இந்தக் கேள்வியை முதலில் சட்டமாக்கியது ஜெர்மனி. பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1884 இல் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி வந்தது. பிரித்தானியா 1897 இல் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை இயற்றி, 1900 இல் விவசாய வேலைக்கும் விரித்தது. இந்தியாவுக்கு 1923 இல் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிய இலங்கைத் தோட்டங்களுக்கு இன்னும் பதினொரு ஆண்டுகள் பிடித்தன. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அக்காலத்து அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர் ஹட்டன் தொகுதியின் உறுப்பினர் பெரி சுந்தரம். தோட்டத் தொழிலாளர் சங்கங்களின் முன்னோடி கோ. நடேசய்யர் 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியதும் ஹட்டனில்தான். கூலி, கடன் என்று பலவும் கங்காணியின் கையில் இருந்த காலத்தில், உடலுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு முதலாளி நேரடியாகப் பொறுப்பு என்று ஒரு சட்டம் சொன்னதை மலையக வரலாறு எழுதுபவர்கள் இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1948 இன் குடியுரிமைச் சட்டம் இதே மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியபோதும், நட்டஈட்டுச் சட்டத்தின் கேள்வி அவர் எந்நாட்டவர் என்பதல்ல, வேலையில் இருந்தாரா என்பதாகவே இருந்தது.

சட்டம் செயற்படும் விதம் எளிது. நட்டஈட்டைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அவர் காப்புறுதி எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் பொறுப்பு அவருடையதே. தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பனவு. நிரந்தர ஊனமென்றால், உடலின் எந்த உறுப்புக்கு எத்தனை வீதம் உழைப்புத் திறன் குறைந்தது என்று அட்டவணை பார்த்து, சம்பளத்தோடு பொருத்தி மொத்தத் தொகை. மரணமென்றால் பணம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்யப்படும். இறந்தவரில் தங்கி வாழ்ந்தவர்களுக்கு ஆணையாளரே பிரித்துக் கொடுப்பார். துக்க வீட்டில் யாராவது ஒருவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. குடிபோதையில் நேர்ந்த காயம், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியதால் நேர்ந்த காயம் போன்ற சில விலக்குகள் உண்டு. கவனக்குறைவு அந்த விலக்குகளில் இல்லை. அதுதான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடி. மழையில் வழுக்கும் படியில் அவசரமாக இறங்கியவரிடம் "மெதுவாக இறங்கியிருக்கலாமே" என்று சொல்லிப் பணத்தைக் குறைக்க முடியாது.

அதற்குப் பதிலாக விட்டுக்கொடுத்ததும் ஒன்று உண்டு. தொகைக்கு உச்சவரம்பு இருக்கிறது, வலிக்கும் வேதனைக்கும் தனிக் கணக்கு இல்லை. நீதிமன்றத்தில் முழு நட்டஈடு கேட்டு வழக்காடுபவர் இந்தப் பணத்தையும் சேர்த்துக் கேட்க முடியாது. விரைவும் உறுதியும் கிடைக்கும், தொகை சிறிதாக இருக்கும். உலகெங்கும் தவறு பாரா ஏற்பாடுகள் எல்லாம் இந்தப் பேரத்தின் மேல்தான் நிற்கின்றன.

தோட்டத்தில் அந்தத் தொகை ஏன் மிகச் சிறிதாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கணக்கு சம்பளத்தில் தொடங்குகிறது. 2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய், 2024 இல் 1,350 ரூபாய். நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். கிழமையில் எத்தனை நாள் பேர் விழுந்தது என்பது செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் இருக்கும். அந்தப் பெண் விடியுமுன் எழுந்து பீலியில் தண்ணீர் பிடித்ததும், விறகு கட்டியதும், ரொட்டி சுட்டதும், பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டதும் எந்தச் செக்ரோலிலும் இல்லை. கால் முறிந்து மூன்று மாதம் லயத்தில் கிடந்தால் அந்த வேலையெல்லாம் மூத்த மகளின் தலையில் விழுகிறது, அவளது பள்ளிக்கூடம் நிற்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் தவறு பாராக் காப்புறுதியில், காயப்பட்டவர் செய்துவந்த வீட்டு வேலைக்கு ஆள் வைக்கும் செலவுக்கென ஓர் இனம் உண்டு. நம் சட்டத்தில் அப்படியொன்று இருந்திருந்தால் அதிகம் பயன்பெறுபவர்கள் தோட்டத்துப் பெண்களாகவே இருந்திருப்பார்கள்.

பணம் வந்து சேர்வதிலும் தடங்கல் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் எழுத்து மாறி இன்னொரு பெயர், செக்ரோலில் மூன்றாவதாக ஒரு பெயர். மூன்றும் ஒருவரே என்று நிறுவ சத்தியக் கடதாசி வேண்டும். பதிவில் இல்லாமல் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பவர்களுக்கு, அன்றைக்கு அந்த மலையில் வேலை செய்ததையே காட்டுவது பெரும்பாடு.

இனி ரோட்டுக்கு வருவோம். வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிய ஏற்பாடு 1938 இன் மோட்டார் கார் கட்டளைச் சட்டத்தில் வந்து, 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் தொடர்ந்தது. பிரித்தானியாவின் 1930 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் அதற்கு முன்மாதிரி. காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. 1960களில் காப்புறுதித் தொழில் அரச கூட்டுத்தாபனத்தின் கைக்குப் போனது. 1980களின் பிற்பகுதியில் மீண்டும் தனியார் கம்பனிகள் வந்தன. கம்பனி மாறியதே தவிர அடிப்படை மாறவில்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி காயப்பட்டவரைக் காப்புறுதி செய்வதில்லை. வாகனம் வைத்திருப்பவரின் சட்டப் பொறுப்பையே அது காப்புறுதி செய்கிறது. அந்தப் பொறுப்பு உரோம டச்சுச் சட்டத்திலிருந்து வருகிறது. சாரதியின் கவனயீனம் நிறுவப்பட வேண்டும்.

ஆகவே ரோட்டில் அடிபட்டவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். காலம் இரண்டு ஆண்டு. 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வைத்த எல்லை அது. அடிபட்டவரின் பக்கத்திலும் கவனக்குறைவு இருந்தால், 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நட்டஈடு அந்த அளவுக்குக் குறையும். நடைபாதை இல்லாத வளைவில், மூடுபனியில், பாரத்தோடு நடந்தவருக்கு எவ்வளவு பங்கு என்று வாதிடுவார்கள். மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியதும் நட்டஈடும் தானாக வந்துவிடும் என்று காத்திருந்து, இரண்டு ஆண்டையும் கடத்திவிட்ட குடும்பங்கள் உண்டு. அது பொலிஸ் தொடுத்த வழக்கு. நட்டஈட்டு வழக்கு வேறு, அதைக் குடும்பம்தான் தொடுக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் மனிதர்களைத் தாங்கிப் பிடிப்பது இலவச வைத்தியசாலை. 2023 ஜனவரி 20 இரவு நானுஓயா ரதல்லக் குறுக்குப் பாதையில், கொழும்பிலிருந்து பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒரு வானிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11 விடியற்காலை கொத்மலை கெரண்டியெல்லவில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பஸ் ஏன் பாதையை விட்டு விலகியது என்று விசாரிக்கப் பல மாதம் ஆகலாம். வார்ட்டில் யாரும் அதைக் கேட்பதில்லை. கட்டணம் வாங்காமல் எலும்பை வைத்துக் கட்டுகிறார்கள். இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே 12 அன்று திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலையின் 150 கட்டில்களும் அந்த வகையில் தவறு பாராக் காப்புறுதியே. வைத்தியச் செலவு என்ற பாதியை நாடு எடுத்துக்கொண்டது. இழந்த சம்பளம் என்ற மறுபாதி லயத்தின் வாசலிலேயே கிடக்கிறது.

கார்க் காப்புறுதியில் அந்த மறுபாதியையும் சேர்த்துக் கொடுக்க முதலில் துணிந்தது கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணம். ஆண்டு 1946. அமெரிக்காவில் கீட்டன், ஓ'கானல் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் 1965 இல் வகுத்த திட்டத்தின் வழியில் மசசூசெட்ஸ் 1971 இல் தொடங்கியது. அங்கே அடிபட்டவர் எதிர்த்தரப்பைத் தேடிப் போவதில்லை. தன் காரின் காப்புறுதியே மருத்துவச் செலவையும் சம்பள இழப்பின் ஒரு பகுதியையும் ஒரு வரம்புவரை கொடுக்கிறது. காயம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மட்டுமே வழக்கு. நியூசிலாந்து 1974 இல் இன்னும் தூரம் போய், வேலை, ரோடு, வீடு என்ற பிரிவையே நீக்கி, எல்லா விபத்துக் காயங்களையும் ஒரே அரச நிதியத்தின் கீழ் கொண்டுவந்தது. காரே இல்லாத மக்கள் வாழும் தோட்டங்களுக்கு அமெரிக்க வழி பொருந்தாது. எனக்கு நியூசிலாந்தின் வழியே கிட்டத்தில் தெரிகிறது.

இந்தியா நடுவழி ஒன்றைப் பிடித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 1982 திருத்தத்தில், தவறை நிறுவாமலே மரணத்துக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய் என்று வைத்தார்கள். 2019 திருத்தம் அதை மரணத்துக்கு 5 இலட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சம் என்றாக்கியது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம், அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பாராமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிறது.

இலங்கையில் இரண்டு சட்டங்களுக்கும் இடையிலிருந்த சுவரில் ஒரு கதவு திறந்தது 2022 இல். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தைத் திருத்தி, வேலைக்குப் போகும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் நேரும் விபத்துகளையும் சேர்த்தார்கள். 2005 முதல் 550,000 ரூபாயாக இருந்த உச்ச வரம்பு 20 இலட்சமானது. லயத்திலிருந்து மலைக்குப் பிரதான வீதியைக் கடந்து போகும் தோட்டங்களில் இதன் அருமை தெரியும். காலை ஏழு மணி, ஹட்டன் தலவாக்கலை வீதியில் வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. கூடையோடு ஒரு பெண், அவளுக்குப் பக்கத்தில் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு அவளது மாமியார். ஒரே பஸ் இருவரையும் தட்டினால், மருமகளின் கோரிக்கை தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகும். மாமியார் முப்பது வருடம் இதே தோட்டத்தில் பேர் போட்டு ஓய்ந்தவராக இருந்தாலும் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், சாரதியின் தவறை நிறுவ.

மாமியாருக்கும் தவறு கேளாமல் கொஞ்சம் பணம் கிடைக்க ஒரு வழி இருக்கிறது. வாகனக் காப்புறுதி எடுக்கும்போது தரும் பற்றுச்சீட்டில், கட்டுப்பணத்துக்குக் கீழே 'வீதிப் பாதுகாப்பு நிதியம்' என்று ஒரு வரி, அதற்கெதிரே சில ரூபாய். ஆட்டோக்காரத் தம்பிமார் பலர் அது என்னவென்று பார்ப்பதில்லை. வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை அந்த நிதியத்திலிருந்து, மோதிவிட்டு நிற்காமல் ஓடிய, கண்டுபிடிக்க முடியாத வாகனத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. பொலிஸ் முறைப்பாடும் வைத்திய அறிக்கையும் வேண்டும். சாரதியின் தவறை யாரும் நிறுவ வேண்டியதில்லை. வாகனத்தின் இலக்கம் தெரிந்து, சாரதி பிடிபட்டால் இந்த வழி மூடிவிடும்.