சிறார் மீது கடுங்குற்ற வழக்கு: பெற்றோர் அறிய வேண்டிய சட்டம்

2022 ஜூலை 17 அன்று, கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் மாணவி ஒருவரின் மரணத்தைத் தொடர்ந்து தனியார் பள்ளி ஒன்று சூறையாடப்பட்டது, பேருந்துகள் எரிக்கப்பட்டன. கைதானவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் இருந்தனர். "சிறுவன்தானே, ஒன்றும் ஆகாது" என்று அலட்சியமாக இருக்கும் பெற்றோரும் உண்டு. "இனி ஆயுள் முழுக்கச் சிறைதான்" என்று உடைந்துபோகும் பெற்றோரும் உண்டு. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள இளைஞர் நீதிச் சட்டம் சொல்வதோ வேறு.

குற்றத்தின் வகை

குற்றங்களை இச்சட்டம் சிறு குற்றம், கடுமையான குற்றம், கொடுங்குற்றம் என மூன்றாகப் பிரிக்கிறது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் அது கொடுங்குற்றம். கொலை இதில் அடங்கும். கட்டடத்துக்குத் தீ வைத்தால் ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம். ஆனால் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை வரையறுக்கப்படவில்லை. இத்தகையவை கொடுங்குற்றம் ஆகாது என 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

16 வயது நிரம்பியவர் மீது கொடுங்குற்ற வழக்கு வந்தால் மட்டுமே, அவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்ற கேள்வி எழும். அவரது மன, உடல் திறனையும், விளைவை உணரும் பக்குவத்தையும் இளைஞர் நீதிக் குழுமம் மூன்று மாதத்துக்குள் மதிப்பிட வேண்டும். பிறகு வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றலாம். அங்கும் மரண தண்டனையோ, விடுதலைக்கு வழியில்லாத ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாது. குழுமமே விசாரித்து முடித்தால், சிறப்பு இல்லத்தில் அதிகபட்சம் மூன்றாண்டுகள்.

வயதுச் சான்று

வயதை முடிவு செய்யப் பள்ளிச் சான்றே முதலில் பார்க்கப்படும். அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதே எலும்புப் பரிசோதனை. கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் வீட்டிலேயே பிறந்து, பிறப்பு பதியப்படாத பிள்ளைக்கு, பள்ளியில் சேர்க்கும்போது தோராயமாகச் சொன்ன தேதியே பின்னாளில் தீர்ப்பை மாற்றிவிடலாம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொல்வதும் அதே ஆபத்துதான். சிறார் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம்.

கைது நேர்ந்தால்

சிறாரைக் காவல்நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஜாமீன் கேட்கலாம். பெயரையும் படத்தையும் யாரும் வெளியிடக் கூடாது. உறவினர் குழுக்களில் பகிர்வதையும் நாம் தவிர்க்க வேண்டும். இலவச வழக்கறிஞர் உதவிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். தொலைபேசி எண் 15100.

பருவமடையாத பிள்ளையின் செயலுக்குப் பாவம் எழுதப்படுவதில்லை. ஆனால் பிறர் பொருளை அவன் அழித்தால் ஈடு உண்டு என்கிறது நம் ஃபிக்ஹ். பிள்ளைக்கு இரக்கம் காட்டுவதால் பாதிக்கப்பட்டவரின் உரிமை இல்லாமல் போவதில்லை. ஒரு வாட்ஸ்அப் அழைப்பை நம்பிக் கூட்டத்தோடு கிளம்பும் முன் இதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அதை வீட்டில் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு.