காலம் அறிந்து இயக்கும் நெம்புருள்

இயந்திரத்திற்கு வலிமை மட்டும் போதாது. ஒவ்வொரு செயலும் உரிய தருணத்தில் நிகழவும் வேண்டும். தகடு வந்து அமர்வதற்கு முன் அச்சு இறங்கினால் தகடு பாழாகும். தொழிலாளியின் கை விலகுவதற்கு முன் இறங்கினாலோ, கையே போய்விடும். தருணம் தவறாமை என்னும் இந்த ஒழுங்கை இயந்திரத்திற்குக் கற்பித்த உறுப்புகளுள் மிகப் பழையது நெம்புருள். மும்பையிலும் ஜாம்ஷெட்பூரிலும் தொழிற்கூடங்களில் பணிபுரியும் நம் நேயர்கள் பலர் இதனைக் 'காம்' என்ற பெயரால் அறிவர். அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

ஓரிடத்தில் மட்டும் புடைத்திருக்கும் உருளையே நெம்புருள். அது சுழலுங்கால், புடைப்பானது தன்னைத் தொட்டு நிற்கும் நெம்புகோலை உயர்த்துகிறது. புடைப்பு கடந்ததும் நெம்புகோல் தாழ்கிறது. பண்டைச் சீனத்தில் ஹான் பேரரசுக் காலத்திலேயே, நீராற்றலால் சுழலும் தண்டில் முளைகளைப் பொருத்தித் தானியம் குற்றும் உலக்கைகளை இயக்கினர். 1206-ஆம் ஆண்டில் அல் ஜஸாரி எழுதி முடித்த பொறியியல் நூலில், முளைகள் பதித்த தண்டினால் கை அசைத்து முரசு கொட்டும் பொம்மைகள் விவரிக்கப்பட்டுள்ளன. சுவிட்சர்லாந்தின் ழாக்கே திரோஸ் குடும்பத்தார் 1774-இல் மக்களுக்குக் காட்டிய எழுதும் பொம்மை இன்னும் ஒரு படி முன்னேறியது. அதன் சக்கரமொன்றில் உள்ள சிறு துண்டுகளை மாற்றியமைத்தால், நாற்பது எழுத்துகள் வரை நாம் விரும்பிய வாசகத்தை அது எழுதும். பொறியை மாற்றாமலே அதன் செயலை மாற்றலாம் என்பதற்கு இது சான்று.

இந்தக் கருத்தைத் திருகாணி கடையும் இயந்திரத்தில் கையாண்டவர் கிறிஸ்டோபர் ஸ்பென்ஸர் என்னும் அமெரிக்கர். ஏழு தோட்டாக்களை அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கியை 1860-இல் அமைத்துப் புகழ் பெற்றவர் அவர். அக்காலத்தில் திருகாணி கடையும் இயந்திரத்தருகே ஒரு தொழிலாளி நின்று, உளிகளை ஒவ்வொன்றாக முன்னே நகர்த்திப் பின்னே இழுக்க வேண்டியிருந்தது. ஸ்பென்ஸர் ஒரு வெற்று உருளையை எடுத்துக்கொண்டு, அதன் மேற்பரப்பில் உலோகப் பட்டைகளைத் திருகிப் பொருத்தினார். உருளை மெல்லச் சுழலச் சுழல, பட்டைகள் உளிகளை முறைப்படி இயக்கின. வேறு அளவுள்ள திருகாணி வேண்டுமாயின் பட்டைகளை இடம் மாற்றிப் பொருத்தினால் போதும். புதிய உருளை தேவையில்லை.

1873-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் காப்புரிமை ஆவணத்தைத் தயாரித்த வழக்கறிஞர் இந்த மாற்றியமைக்கும் உருளையின் அருமையை உணரவில்லை. இயந்திரத்தின் பிற பகுதிகளுக்கு உரிமை கோரியவர், அதன் உயிர்நிலையான பகுதியைக் காப்பின்றி விட்டுவிட்டார். ஆவணத்தில் இடம் பெறாததற்குச் சட்டத்தில் உரிமையும் இல்லை. பிற உற்பத்தியாளர் அம்முறையைத் தடையின்றி மேற்கொண்டனர். உலகத் தொழில்துறை அதனால் வளம் பெற்றது. கண்டுபிடித்தவருக்குச் சேர வேண்டிய பெரும் பயன் சேரவில்லை.

மின்சாரம் பரவியபின் நெம்புருளின் பணி எளிதாயிற்று. உளியை அது தானே தள்ள வேண்டியதில்லை. சிறு சுவிட்சைத் தொட்டாலே போதும். சுழல் நெம்புருள் சுவிட்ச் என்பது இதுவே. தகடு வெட்டும் பிரஸ் இயந்திரத்தின் வளைதண்டோடு, சங்கிலியால் இதன் தண்டு இணைக்கப்படுகிறது. வளைதண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் இதுவும் ஒரு சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு நெம்புருளும் அருகருகே அமைந்த இரு வில்லைகளால் ஆனது. ஒன்றை மற்றொன்றின்மேல் நகர்த்திப் புடைப்பின் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எந்தப் பாகையில் சுவிட்ச் மூட வேண்டும், எந்தப் பாகையில் திறக்க வேண்டும் என்பதை இவ்வாறு அமைக்கின்றனர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நெம்புருள் கோணத்தை அறியும், நேரத்தை அறியாது. நிமிடத்திற்கு 30 முறை இறங்கும் பிரஸ் ஒன்றைக் கொள்வோம். ஒரு சுற்றுக்கு 2 விநாடி ஆகிறது. பிரேக் பிடித்து நிற்பதற்குப் பத்தில் ஒரு பங்கு விநாடி தேவையெனில், அதற்குள் தண்டு 18 பாகை வரை சுழன்றுவிடக்கூடும். எனவே உச்சியைக் கடக்காமல் நிற்க வேண்டுமானால் 18 பாகைக்கு முன்பே ஆணை பிறக்க வேண்டும். வேகத்தை இரட்டித்து, பிரேக் அதே நேரத்தையே எடுத்துக்கொண்டாலும், 36 பாகை வேண்டும். நெம்புருளைத் திருத்தாமல் வேகத்தை மட்டும் கூட்டினால், அச்சு உச்சியைக் கடந்து கீழ்நோக்கித் திரும்பிவிடும். பிரேக் தேய்ந்தாலும் இதே ஆபத்துத்தான். சங்கிலி அறுந்தாலோ பிரஸ் ஓடும், நெம்புருள் நின்றுவிடும். அதனால்தான் சங்கிலியைக் கண்காணிக்கத் தனிப் பாதுகாப்பும் வைக்கின்றனர்.

1969-இல் திட்டமிட்டு இயக்கத்தக்க மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி தோன்றியது. சுழற்சியை எண்களாக மாற்றும் கருவிகளும் பரவின. வேகம் மாறும்போது கோணத்தைத் தாமே கணக்கிட்டு மாற்றும் அமைப்புகள் இன்று உள்ளன. ஆயினும் பிரஸ்களிலும் பாரம் தூக்கும் கிரேன்களிலும் நெம்புருள் சுவிட்சுகள் இன்றும் பணியாற்றுகின்றன. மின்னணுத் திரையில் எழுதப்படும் எண்ணும், ஸ்பென்ஸர் உருளையில் திருகிய பட்டையும் ஒரே கேள்விக்குத்தான் விடை கூறுகின்றன: எப்பொழுது தொடங்குவது, எப்பொழுது நிறுத்துவது? அந்த விடையைச் சரிபார்த்து அமைக்கும் தொழிலாளியின் கவனத்தை நம்பியே, அடுத்து அங்கே தகடு வைக்கும் தொழிலாளியின் கை இருக்கிறது.